ஏரிக்கரைப் பள்ளியில் ஒரு பாம்பு

கலையரசனுக்கு வாய் சும்மா இருக்காது. வேன் ஓட்டுகிறவனுக்குக் கையும் காலும் கண்ணும் போதும். இவனுக்கு வாயும் வேண்டும். பதினேழு வருடமாகச் செங்கம் ரோட்டிலிருந்து ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறான். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம் என்றுகூடப் பெற்றவர்கள் அவனைத்தான் கேட்பார்கள். தினமும் பள்ளி வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

கொரோனா முடிந்து பள்ளிகள் திறந்த முதல் மழைக்காலத்தில் அந்தக் காரியம் நடந்தது. ஒன்றரை வருடம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வேனைத் துடைத்து எடுத்தால், இருபத்திரண்டு பிள்ளைகள் ஏறிய வண்டியில் ஒன்பது பேர்தான் ஏறினார்கள். மீதிப் பேரில் பாதி, ஏரிக்கரை அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். நடந்து போகிற தூரம், ஃபீஸ் இல்லை, மதியம் சோறும் உண்டு. கலையரசனுக்கு வயிறு எரிந்தது.

ஏரி நிரம்பி வழிந்த ஒரு நவம்பர் காலையில், அந்தப் பள்ளி வாட்ச்மேன் குச்சி நுனியில் ஒரு பாம்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்ததை வேனுக்குள் இருந்தபடி பார்த்தான். பார்த்தது அவ்வளவுதான். டீக்கடையில் சொல்லும்போது அது நல்ல பாம்பு ஆனது. சாயந்திரம் பிள்ளைகளை இறக்கிவிடும்போது ஏழாம் வகுப்பு பெஞ்சுக்கு அடியில் இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு பெண்ணின் காலைக் கொத்தி, அவளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். எந்தப் பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பேர் சொல்லியிருப்பான்.

அடுத்த ஜூனில் வேனில் கால் வைக்க இடமில்லை. மெட்ரிக் பள்ளிக்காரர்களும் மனம் குளிர்ந்து, அவன் மகள் தென்றலுக்குப் பாதி ஃபீஸ் என்றார்கள்.

அவன் மனைவி அருணாதேவி அந்த ஏரிக்கரைப் பள்ளியில்தான் பத்தாவது வரை படித்தவள். "அஞ்சு வருஷம் அந்த பெஞ்சுல ஒக்காந்திருக்கேன், ஒரு எறும்புகூட என்னைக் கடிச்சதில்ல. இன்னா மனுஷங்க நீங்க?" என்றாள். "பொழப்புக்கு நாலு வார்த்தை சொல்றதுதான்டி" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னால் ரொம்ப நாள் மனம் நொந்தாள்.

இந்த மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்தது. தென்றல் முந்நூற்று எழுபத்தொன்று. கெட்ட மார்க் இல்லை. ஆனால் மெட்ரிக் பள்ளியில் பயாலஜி குரூப்புக்கு நானூற்று இருபதுக்குக் கீழே பேச்சே இல்லையாம். நூற்றுக்கு நூறு ரிசல்ட் என்று போர்டு வைக்கிறவர்களுக்குத் தென்றல் மாதிரிப் பிள்ளைகள் ஆகாது. "அக்கவுண்டன்சி எடுத்துக்கட்டும் சார், இல்லாட்டி டி.சி. வாங்கிக்கோங்க" என்றார் ஆபீஸ்காரர். பதினேழு வருடமாக அவரோடு டீ குடித்தவன் கலையரசன். அன்றைக்கு அவர் உட்காரச் சொல்லவில்லை.

தென்றலுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். ஏதோ படம் பார்த்து வந்த ஆசை இல்லை அது. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் அடுக்களையில் அருணாதேவி வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போகிற தென்றல், பக்கத்துத் தெருவில் அடிபட்ட நாய்களுக்குக் கட்டுப்போடும் காப்பகத்துக்குப் போய்விடுவாள். புழு வைத்த புண்ணை முகம் சுளிக்காமல் கழுவுவாள். வெறிநாய் மாதிரி உறுமுகிற நாய்கூட அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளும். பயாலஜி இல்லாமல் அந்தப் படிப்புக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது என்று அவளுக்குத் தெரியும். மார்க் ஷீட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அன்று சாயந்திரம் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

"டவுன்ல கேர்ள்ஸ் ஸ்கூல்?"

"காலையிலயே போய்க் கேட்டேன். பயாலஜி ரொம்பிடுச்சாம். நாம மெட்ரிக்காரன் வாயப் பார்த்துக்கினு நின்னோமே, அதுக்குள்ள."

"கீழ்பென்னாத்தூர்?"

"சீட்டு இருக்குதாம். வாரக் கடைசிக்குள்ள சேரணும். பஸ்ஸுல போவணும், ரெண்டு பஸ்ஸு. பொட்டப் புள்ள" என்ற அருணாதேவி, கொஞ்சம் நிறுத்தி, "ஏரிக்கரைய ஏன் நீங்க பேரே எடுக்க மாட்டேன்றீங்க?" என்றாள்.

கலையரசன் விசிறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க பயாலஜி இருக்குது. நான் படிச்ச ஸ்கூலு. நடந்து போனா பத்து நிமிஷம். இந்த ஊருல இத்தனை பேரு ஸ்கூல் ஸ்கூலா அலையறாங்க, கண்ணு முன்னாடி இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியல. ஏன் தெரியலன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

மறுநாள் மூவரும் போனார்கள். கலையரசன் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பெரிய வேப்பமரம், கூட்டிப் பெருக்கிய வாசல், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். தண்ணீர்க் குழாய்கூட ஒழுகவில்லை. குறை கண்டுபிடிக்க வந்த கண்ணுக்கு எதுவும் மாட்டவில்லை.

விலங்கியல் எடுக்கிற ரேணுகாம்பாள் டீச்சர்தான் சேர்க்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஆள். தென்றலிடம் மார்க் கேட்கவில்லை. "நாய்க்கு எத்தனை பல்லு?" என்று கேட்டார். "நாப்பத்திரண்டு மிஸ். குட்டிக்கு இருபத்தெட்டு" என்றாள் தென்றல். டீச்சர் எழுந்து, "வா, லேபைக் காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

லேபில் ஆறு மைக்ராஸ்கோப் உறை போட்டு இருந்தன. அலமாரியில் கண்ணாடி ஜாடிகள்: தவளை, தேள், கோழிக் கரு. நடு வரிசையில் ஒரு பெரிய ஜாடி. மஞ்சளித்த தண்ணீருக்குள் கட்டம் கட்டமான உடம்போடு ஒரு பாம்பு சுருண்டிருந்தது.

"இதுதான் எங்க ஸ்கூல் வி.ஐ.பி." என்று டீச்சர் சிரித்தார். "வெறும் தண்ணிப் பாம்பு. விஷமே கெடையாது. ஏரி ரொம்பினப்ப மோட்டார் ரூம் கிட்ட வந்துச்சு, வாட்ச்மேன் பயந்து அடிச்சிட்டாரு. தூக்கிப் போடப் போனவரை நிறுத்தி, பாடத்துக்கு ஆவும்னு நான்தான் வாங்கினேன். ஒரு புள்ளையும் அதை உசுரோட பார்க்கல. ஆனா ஊருல எவனோ, அது ஒரு பொண்ணைக் கொத்திடுச்சுன்னு கட்டிவிட்டான். அந்த வருஷம் டி.சி. வாங்க வரிசையில நின்னாங்க. அதுக்கப்புறம் ஆறாவதுல சேர்க்கை பாதியாச்சு. ஆறாவதுல வராத புள்ள பதினொண்ணுல எப்படி வரும்?"

அருணாதேவி கணவனைப் பார்க்கவில்லை. அவன் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தென்றல் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, செதிலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் விஷயத்துக்கு வந்தார். போன வருடமே பதினொன்றில் ஆள் சேராமல் பயாலஜி திறக்கவில்லை. கடைசி செட் இந்த மார்ச்சில் பன்னிரண்டாவது எழுதிவிட்டுப் போய்விட்டது. இந்த வருடம் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டால் குரூப் இருக்கும். இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள், தன்னையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். கடைசித் தேதி பௌர்ணமி அன்றைக்கு. இதுவரை பதினொரு பேர்.

"இவளோட பன்னெண்டு" என்றான் கலையரசன். "மீதி மூணு பேரை நான் கொண்டாரேன் டீச்சர். எனக்குத் தெரியாத வீடு இந்தப் பக்கம் கெடையாது."

அது உண்மைதான். தெரியாத வீடு கிடையாது. அதுதான் வினையாகவும் போனது.

முதல் வீட்டில், அவன் பேச்சை முடிப்பதற்குள் அந்தம்மா கையை ஆட்டினாள். "ஏரிக்கரைக்கா? வேணாம்பா, பாம்பு பூந்த ஸ்கூலு." அவன் துணிந்து, "அக்கா, அது பொய்க்கா. யாரையும் கொத்தல" என்றான். "யாரு சொன்னா பொய்யின்னு? எங்க நாத்தனாரு அந்தப் பொண்ணையே பார்த்திருக்காங்க. இன்னிக்கும் நொண்டி நொண்டித்தான் நடக்குதாம், பாவம்."

கலையரசன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவன் பெற்றெடுத்த பொய்க்கு இப்போது கால் இருக்கிறது, நொண்டலும் இருக்கிறது, பார்த்த சாட்சியும் இருக்கிறது. இல்லாத பெண்ணை இல்லை என்று நிரூபிக்க அவனுக்கு வழி தெரியவில்லை.

இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு, எட்டாவது வீடு வரை இதே கதைதான். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், "இன்னா கலை, மெட்ரிக்காரனோட தகராறா?" என்று கேட்டார். அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருக்கும் கருப்பன் மட்டும், "எம் பொண்ணு ஆர்த்தி பத்தாவதோட நிறுத்திடலாம்னு இருந்தேன். கிட்டத்துல இருக்குதுன்றியே, சேர்த்துக்கோ" என்றார். அவர் பிள்ளைகள் எந்த வேனிலும் ஏறியதில்லை. பாம்புக் கதை அவர் காதுக்குப் போகவே இல்லை. அவரே தன் தங்கை மகளையும் சேர்த்துவிட்டார். பதினான்கு ஆயிற்று.

வாரக் கடைசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் வந்தது. சீட்டு ஒன்றுதான் மிச்சம், நாளைக்குள் வந்தால் உண்டு.

"போய்ச் சேர்த்துடலாங்க" என்றாள் அருணாதேவி. "ரெண்டு பஸ்ஸா இருந்தா இன்னா, நானே கொஞ்ச நாள் கூடப் போறேன். கைல இருக்கிறதை விட்டுட்டு அலைய வேணாம்."

அவள் சொன்னது சரி. அவனுக்கும் தெரிந்தது. ஆனால் தென்றலை எடுத்துவிட்டால் பதினான்கு பதின்மூன்றாகும். ஆர்த்தி என்ன ஆவாள்? அந்தப் பதினொரு பேர் என்ன ஆவார்கள்?

"ஊரு புள்ளைங்களைச் சேருங்கன்னு சொல்லிட்டு நம்ம புள்ளையை எடுத்துக்கினு போனா, நான் எந்த மூஞ்சியோட அந்தக் கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்துவேன் அருணா? ஒரு பேருதான். ஒரே ஒரு பேரு. வந்துடும்."

"வரலன்னா?"

"வந்துடும்டி."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் நேர்மையாக நடக்கத் துணிந்தான், அதற்கும் மகளின் சீட்டைத்தான் பணயம் வைத்தான். அருணாதேவி மகளைக் கேட்டாள். தென்றல், "அப்பா சொல்ற மாதிரியே இருக்கட்டும்மா. அந்த டீச்சரை எனக்குப் புடிச்சிருக்குது" என்றாள். அப்பா சொன்னால் நடந்துவிடும் என்று அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

பதினைந்தாவது பெயருக்கு அவன் மனதில் ஒரு வீடு இருந்தது. அங்கே போகத்தான் கால் வரவில்லை. மெத்தைக் கடை அன்வர் பாஷாவின் வீடு. அவர் மகள் மெஹ்ஜபீனும் தென்றலும் ஒரே வகுப்பு. மெஹ்ஜபீனுக்கும் பயாலஜி கிடைக்கவில்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் போனான். அன்வர் பாஷா மெத்தைக்கு நீள ஊசியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் பஞ்சு.

"வாங்க டிரைவரே. பாப்பாவுக்கு எங்க பார்க்கிறீங்க?"

"ஏரிக்கரையில பாய். மெஹ்ஜபீனுக்கும் அங்கயே..."

"அங்கயா?" ஊசி நின்றது. "பாம்பு கொத்தின ஸ்கூல்னு சொல்லித்தானே என்னை டி.சி. வாங்க வெச்சீங்க?"

கொரோனா சமயத்தில் அன்வர் பாஷா மகளை அங்கேதான் சேர்த்திருந்தார். கலையரசன் கடை வாசலில் வேனை நிறுத்தி, வண்டியை அணைக்காமலே அந்தக் கதையைச் சொன்னது இப்போது அவனுக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

"பாய், அது பொய். யாரையும் கொத்தல. நான்தான் கட்டிவிட்டேன். வண்டியில ஆள் கம்மியா இருந்துச்சு, அதான்."

அன்வர் பாஷா ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

"நாலு நாள் சோறு தின்னல என் பொண்ணு. அந்த ஸ்கூல்லயே இருக்கிறேன் அப்பான்னு அழுதா. உன் உசுரு முக்கியமா ஸ்கூலு முக்கியமான்னு அதட்டி இழுத்துக்கினு வந்தேன். நாலு வருஷம் இந்தப் பஞ்சுத் தூசியைத் தின்னு ஃபீஸ் கட்டினேன்." இருமிக்கொண்டார். "இருக்கட்டும். அன்னிக்கு உங்க வேன் ரொம்பணும்னு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு உங்க பொண்ணுக்கு குரூப் வேணும்னு ஒண்ணு சொல்றீங்க. இதுல எது நெசம்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"நேர்ல வந்து பாருங்க பாய். உங்க கால்ல..."

"சேச்சே, அதெல்லாம் வேணாம். வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்."

உள் கதவுத் திரை அசைந்தது. அவர் மனைவி மெஹ்ருன்னிசா நின்றிருந்தாள், அவள் தோளுக்குப் பின்னால் மெஹ்ஜபீன். இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்தது.

பௌர்ணமி அன்று காலையிலிருந்தே ஊரில் கூட்டம். செங்கம் ரோட்டில் வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். கலையரசன் வேனை வீட்டில் போட்டுவிட்டு, மலை சுற்றுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து பத்து மணிக்கே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டான். மெத்தைக் கடை இருக்கிற பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைத் தொப்பி தெரியும்போதெல்லாம் இரண்டு அடி முன்னால் போவான். பன்னிரண்டு மணிக்கு ரேணுகாம்பாள் டீச்சர் மோர் கொடுத்தனுப்பினார். இரண்டு மணிக்கு அவரே வந்து பக்கத்தில் நின்றார். மூன்றரைக்கு அன்வர் பாஷா போன் செய்தார்.

"டிரைவரே, தப்பா நெனைக்காதீங்க. மெட்ரிக்லயே அக்கவுண்டன்சி போட்டுட்டேன். நீங்க சொன்னது நெசமாவே இருக்கலாம். எனக்கு இன்னொரு தடவை உங்க பேச்சைக் கேக்கத் தைரியம் இல்ல."

நாலு மணிக்கு டீச்சர் பதினான்கு பெயர்களின் கீழே கோடு போட்டு, தேதி எழுதினார். யாரையும் குறை சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது தலைமேல் இருந்தது.

கீழ்பென்னாத்தூர் சீட்டு போய்ப் பல நாள் ஆகியிருந்தது. பதினான்கு பேரும் பதினான்கு பக்கம் சிதறினார்கள். ஆர்த்தி அப்பாவின் இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கே சேர வேண்டும் என்று தென்றலைக் கேட்டதற்கு, "ஏரிக்கரையே. காமர்ஸ்" என்றாள். நாய்க் காப்பகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கிளம்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கலையரசனுக்கு அந்த முதுகைப் பார்க்க முடியாது. வேனைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய் நின்று அழுவான்.

ஜூலையில் ரேணுகாம்பாள் டீச்சருக்கு மாற்றல் வந்தது. கீழ்பென்னாத்தூருக்கும் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளி. லேப் சாமான்களும் அங்கேயே போகின்றன. கொண்டுபோக வண்டி வேண்டும் என்று தென்றல்தான் வீட்டில் வந்து சொன்னாள். கலையரசன் வாடகை வேண்டாம் என்றான்.

மைக்ராஸ்கோப்புகளைப் பின் சீட்டில் போர்வை சுற்றி வைத்தார்கள். டீச்சர் நடு சீட்டில் தவளை, தேள் ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். பெரிய ஜாடி எங்கே வைத்தாலும் ஆடியது. தென்றல் முன் சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டாள். ஸ்கூல் யூனிஃபார்ம் துப்பட்டாவால் மூடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் மணிலாக் கடலை வயல். கலையரசன் நாலைந்து தடவை வாயைத் திறந்து மூடினான். வாய் சும்மா இருக்காதவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"தென்றலு. இந்தப் பாம்பு பொண்ணைக் கொத்திடுச்சுன்னு ஊருல சொன்னது... அப்பாதான்மா."

"தெரியும்பா. மெஹ்ஜபீன் சொன்னா."

அவன் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான்.

தென்றல் ஜாடிக்குள் பார்த்தாள். "ஆறாவதுல, நீ வேன்ல அதைச் சொல்லிக்கினே வருவ. நான் முன் சீட்டுல ஒக்காந்திருப்பேன். கிளாஸ்ல ஒருத்தியும் நம்பல. நான்தான் ஒவ்வொருத்திகிட்டயும் சத்தியம் பண்ணிச் சொன்னேன்." அவள் ஜாடி மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எங்கப்பா கண்ணால பார்த்தாரு, எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு."

முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. கலையரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜாடி ஆடாமல் இருக்க வண்டியை மெல்ல ஏற்றி இறக்கினான்.